புதுக் குடித்தனத்தில் மசாலா சாமான்: எவ்வளவு வாங்குவது, எங்கே வைப்பது, எப்படிக் காப்பது

புதிதாகக் குடித்தனம் போடுகிறவர்கள் பலரும் முதலில் வாங்குவது டப்பா. ஒரே அளவு, ஒரே மூடி, பதினெட்டோ இருபத்து நாலோ கண்ணாடி ஜாடி கொண்ட செட். பிறகு அந்த ஜாடிகளை நிரப்புவதற்காகவே எல்லாச் சாமானையும் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கிக் கொட்டுகிறார்கள். ஆறு மாதத்தில் சோம்பில் வாசம் இருக்காது, மல்லித்தூளில் வண்டு ஓடும், மஞ்சள்தூள் வெளுத்திருக்கும். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் அளவு, அடுத்து இடம், கடைசியில்தான் டப்பா.

கீழே உள்ள கணக்கெல்லாம் தமிழ்நாட்டில், தினமும் வீட்டில் சமைக்கிற நாலு பேர் குடும்பத்துக்கானது. இரண்டு பேர் என்றால் பாதி வாங்குங்கள். மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கூட வாங்க வேண்டாம்.

1. மாதச் செலவைக் கணக்கிடுங்கள்

ஒரு மாதத்துக்கு உத்தேசமாக ஆகும் அளவு இது. குழம்பு மிளகாய்த்தூள் 250 கிராம், தனி மிளகாய்த்தூள் 100, மல்லித்தூள் 200, மஞ்சள்தூள் 50, கடுகு 100, சீரகம் 100, மிளகு 75, வெந்தயம் 50, சோம்பு 50, மிளகாய் வத்தல் 100. பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றும் தலா 10 முதல் 15 கிராம். அசைவம் அதிகம் சமைக்கும் வீட்டில் மிளகு, சோம்பு, மல்லித்தூள் மூன்றும் இதைவிடக் கூடும். ரசம் தினமும் வைக்கும் வீட்டில் சீரகம் 100 கிராமில் நிற்காது.

இது தொடங்குவதற்கான கணக்கு மட்டும்தான். உங்கள் வீட்டுக் கணக்கு தெரிய, முதல் மாதம் வாங்கிய தேதியை ஒவ்வொரு டப்பாவிலும் எழுதி வையுங்கள். தீர்ந்த தேதியை நாள்காட்டியில் குறித்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து ஊகிக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு சாமானை மூன்று வகையாகப் பிரியுங்கள். முழுதாக இருக்கும் கடுகு, மிளகு, வெந்தயம், பட்டை, கிராம்பு எல்லாம் ஒரு வருடம் தாராளமாகத் தாங்கும், அதற்கு மேலும் கெடாது. தூள் எதுவானாலும் ஆறு மாதத்துக்கு மேல் வைப்பதற்கில்லை. கெட்டுப்போகாவிட்டாலும் வாசமும் நிறமும் இறங்கிவிடும், ஒரு கரண்டி போடுமிடத்தில் இரண்டு போட வேண்டிவரும். மூன்றாவது வகை எண்ணெய்ப்பசை உள்ளவை: கசகசா, எள், பருப்பு வறுத்து அரைத்த இட்லிப் பொடி, ரசப் பொடி. இவை ஒன்றிரண்டு மாதத்திலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். இவற்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க வேண்டும், அரைக்க வேண்டும்.

2. கைக்குக் கொஞ்சம், இருப்புக்கு மிச்சம்

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுப்புப் பக்கம் இருக்கும் சின்ன டப்பாவில் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். மீதி முழுவதும் வேறு அலமாரியில், இறுக்கமாக மூடிய பெரிய டப்பாவில். மூடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆவியும் ஈரக்காற்றும் உள்ளே போகின்றன. தினமும் நாலு தடவை திறக்கிற டப்பாவில் ஒரு கிலோ மிளகாய்த்தூள் இருந்தால், அந்த ஒரு கிலோவும் நாலு தடவை நனைகிறது என்றுதான் பொருள்.

சின்ன டப்பாவை நிரப்பும்போது மிச்சத்தின் மேலேயே புதியதைக் கொட்டக் கூடாது. அடியில் கிடப்பது எப்போதும் பழசாகவே இருக்கும். வண்டு அங்கேதான் பெருகும், புதிதாகக் கொட்டியதையும் சேர்த்துக் கெடுக்கும். முழுவதும் தீர்ந்த பிறகு கழுவி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும் நிரப்புங்கள். உடனே கழுவ நேரமில்லை என்றால் மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் தட்டி வைத்து, அன்றைய சமையலில் அதையே முதலில் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

3. இடம் பாருங்கள்

மசாலாவைக் கெடுப்பவை சூடு, ஈரம், வெளிச்சம், காற்று. வாடகை வீட்டு மேடைகளில் இந்த நாலும் சேர்ந்து கிடைக்கும் இடம் அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் அலமாரி. கைக்கு எட்டும் என்று எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். குக்கர் விசில் விட்ட பிறகு அந்த அலமாரிக் கதவின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கை நனையும். அங்கே தட்டும் டம்ளரும் வைத்துவிட்டு, மசாலாவை அடுப்பிலிருந்து இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

ஃப்ரிட்ஜின் மேல்புறமும் வேண்டாம், பின்னாலிருந்து எழும் சூடு அங்கே நிற்கும். தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியும் ஈரம், அங்கே கரப்பானும் வரும். வெயில் விழும் ஜன்னல் திண்டு மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் ஆகவே ஆகாது. இரண்டின் நிறமும் வெளிச்சத்தில் வெளுக்கும். கண்ணாடி ஜாடியில் மஞ்சள்தூளை ஜன்னல் ஓரம் வைத்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால், வெளிச்சம் பட்ட பக்கம் வெளிறியும் நடுவில் பழைய நிறத்திலும் இருக்கும்.

மேடைக்குக் கீழே டிராயர் இருந்தால் அதுவே மிக நல்ல இடம். இருட்டு, சூடு இல்லை, மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அப்படி வைத்தால் பெயரை மூடியின் மேல் ஒட்டுங்கள், பக்கவாட்டில் ஒட்டினால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டிவரும். டிராயர் இல்லாதவர்கள் அலமாரியின் ஒரு தட்டில் ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்து, அதில் டப்பாக்களை அடுக்கலாம். தட்டோடு வெளியே இழுத்து எடுக்கலாம். எது சிந்தினாலும் தட்டிலேயே கிடக்கும்.

4. இப்போது டப்பா

எத்தனை டப்பா, என்ன அளவு என்பது இப்போது தெரிந்திருக்கும். ஒரு லிட்டர் டப்பாவில் மல்லி விதை 300 கிராம் சொச்சம்தான் கொள்ளும், மல்லித்தூள் 400, மிளகாய்த்தூள் 450, சீரகம் ஏறக்குறைய அதே அளவு, மிளகு 500க்குச் சற்று மேல், கடுகு 650 வரை. மிளகாய் வத்தல் 100, 150 கிராமிலேயே டப்பா நிறைந்துவிடும். இது உத்தேசம், ரகத்துக்கு ரகம் முன்பின் இருக்கும். ஒரே அளவு செட் ஏன் சரிவராது என்பதும் இதிலேயே தெரியும். கடுகு பாதி டப்பாவில் கிடக்கும், வத்தலுக்கு இடம் போதாது. பாதி காலியான டப்பாவில் காற்று நிறைய இருப்பதால் வாசமும் சீக்கிரம் போகும்.

கைச் செலவுக்கு 100 முதல் 200 மில்லி கண்ணாடி பாட்டில்கள் போதும். ஜாம் வந்த பாட்டிலையும் காப்பித்தூள் வந்த பாட்டிலையும் கழுவி வைத்தாலே பத்து பாட்டில் சேர்ந்துவிடும், செலவு கிடையாது. ஊறுகாய் பாட்டில் மட்டும் வேண்டாம். அதன் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஏறிய வாடை எத்தனை தடவை கழுவினாலும் போகாது.

இருப்புக்கு எவர்சில்வர் டப்பா நல்லது, ஆனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். சீர் பாத்திரத்தில் வந்த சம்படமும் தூக்கும் பார்க்க அழகாக இருந்தாலும் மூடியில் இடைவெளி உண்டு. அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், சாமானைக் கெட்டியான கவரில் கட்டி உள்ளே வையுங்கள். மூடி சரியா என்று பார்க்க ஒரு வழி: வெறும் டப்பாவில் ஒரு துண்டு கட்டிப் பெருங்காயத்தைப் போட்டு மூடி, ஒரு இரவு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். காலையில் கதவைத் திறந்ததும் பெருங்காய வாசம் வந்தால் அந்த மூடி தூளுக்கு உதவாது.

பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் ஒரு டப்பாவுக்கு ஒரு சாமான் என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். சோம்பு இருந்ததில் சீரகத்தைப் போட்டால் ரசத்தில் சோம்பு வாசம் வரும். புளியை எவர்சில்வரிலோ அலுமினியத்திலோ போட்டு வைக்காமல் பீங்கான் ஜாடியில் கல் உப்பு தூவி அடுக்குங்கள். கொட்டையும் நாரும் எடுத்த புளி அப்படி ஒரு வருடம் தாங்கும், கருத்துக்கொண்டே போனாலும் குழம்புக்கு அருமையாக இருக்கும்.

பெருங்காயத்தை டப்பாவோடு இன்னொரு டப்பாவுக்குள் வையுங்கள். ஏலக்காய்க்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

5. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பாக்கெட்டில் பேக் செய்த தேதியைப் பாருங்கள். கடைசித் தேதியை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பத்து மாதம் கடையில் கிடந்த தூளுக்கும் இன்னும் இரண்டு மாதம் தேதி இருக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் உரிம எண் 14 இலக்கம், அது இல்லாத பாக்கெட்டை எடுக்காதீர்கள். பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டியதும், தேதியும் எடையும் அச்சிட்ட துண்டைக் கத்தரித்து டப்பாவின் அடியில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கெட்ட சரக்கு என்று கடையில் திருப்பிக் கேட்கவும் அது உதவும்.

சில்லறையாக வாங்கினால் கையால் பார்த்து வாங்குங்கள். கிராம்பின் காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும், கசியாதது எண்ணெய் எடுத்த சக்கை. மல்லியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வாசம் வர வேண்டும், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் அந்த மூட்டையே வேண்டாம். மிளகாய் வத்தல் ஒன்றை வாங்கி உடைத்து உள்ளே பாருங்கள். வெளியே சிவப்பாக இருந்தாலும் உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூசணம் படிந்திருக்கலாம். பூசணத்தில் சில வகை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வெயிலில் காயவைத்தாலும் எண்ணெயில் வறுத்தாலும் போகாது. பூசணம் பிடித்த வத்தலைத் துடைத்துச் சமைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மஞ்சள் வாங்கும்போது சமையலுக்கு விரலி மஞ்சள் என்று கேட்டு வாங்குங்கள். பூசுகிற குண்டு மஞ்சளும் கஸ்தூரி மஞ்சளும் வேறு.

விலை அதிகமானவை ஏலக்காய், கிராம்பு, ஜாதிபத்திரி. கிலோவுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் இவற்றை 25 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம்.

6. வருடச் சாமான்: எப்போது வாங்கி, எப்படிக் காயவைத்து, எப்படி அரைப்பது

மில்லில் அரைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல காலம் மாசி முதல் சித்திரை வரை. ஈரோட்டு மஞ்சளும், ராமநாதபுரம் குண்டு வத்தலும், தென்மாவட்ட மல்லியும், புதுப்புளியும் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்கு வரும். வெயிலும் அப்போது கூடவே இருக்கும். வருடத்துக்கு வேண்டியதை முழுதாக வாங்கிக் காயவைத்து இருப்பு வையுங்கள், அரைப்பதை மட்டும் நாலு மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். ஒரே நாளில் வருடம் முழுவதுக்கும் அரைத்து வைத்தால் ஐப்பசி மழைக்குள் தூள் கட்டிபட்டுவிடும்.

வத்தலைக் காம்போடு காயவைத்துக் காம்போடுதான் சேமிக்க வேண்டும். காம்பு கிள்ளிய இடம் ஈரமும் பூச்சியும் நுழைகிற வாசல். மில்லுக்குப் போகும் அன்று கிள்ளினால் போதும். மொட்டை மாடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, காலை 10 மணிக்குப் போட்டு மாலை 4 மணிக்குள் எடுத்துவிடுங்கள். இருட்டும் வரை விட்டால் பனி இறங்கும். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாள் போதும். ஒரு வத்தலைக் காதருகில் வைத்து ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போடும், மடக்கினால் வளையாமல் படக்கென்று உடையும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் காய வேண்டும்.

மல்லிக்கு ஒரு நாள் வெயில் போதும். சீரகம், சோம்பு, ஏலக்காய் மூன்றையும் உச்சி வெயிலில் போடாதீர்கள், வாசத்தைத் தருகிற எண்ணெய் பறந்துவிடும். அவற்றை நிழலில் உலர்த்தினால் போதும். அரைக்கும் முன் வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூட்டுக்குப் புரட்டி எடுக்கலாம்.

காய்ந்ததை வெயில் சூட்டோடு டப்பாவில் அடைப்பதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. உள்ளே சூடு ஆறும்போது மூடியில் நீர் கோத்துச் சாமானிலேயே சொட்டும். வீட்டுக்குள் நிழலில் விரித்து, முழுதாக ஆறிய பிறகு அடையுங்கள்.

குழம்பு மிளகாய்த்தூளுக்கு அளவு வீட்டுக்கு வீடு மாறும். ஒரு கிலோ மல்லிக்கு அரைக் கிலோ வத்தல், 50 கிராம் விரலி மஞ்சள், மிளகும் சீரகமும் தலா 75 கிராம், 25 கிராம் வெந்தயம் என்று தொடங்கிப் பாருங்கள். துவரம்பருப்பும் அரிசியும் சேர்ப்பது குழம்பு கெட்டியாக வரத்தான். ஆனால் பருப்பு சேர்த்த தூளில் வண்டு சீக்கிரம் வரும். நாலு மாதம் வைக்கப் போகிறீர்கள் என்றால் பருப்பை விட்டுவிட்டு அரைப்பதே என் பரிந்துரை. கெட்டி வேண்டும் என்றால் சமைக்கும்போது ஒரு கரண்டி அரிசிமாவைக் கரைத்து ஊற்றிக்கொள்ளலாம்.

மில்லில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விரலி மஞ்சளை வீட்டிலேயே உரலிலோ கல்லிலோ தட்டி உடைத்துக்கொண்டு போங்கள். மிளகாய் மிஷினும் மாவு மிஷினும் தனித்தனியா என்று கேளுங்கள். உங்களுக்கு முன்னால் அரைத்தவர் என்ன அரைத்தார் என்று பார்த்து, முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தனியாக வாங்கிவிடுங்கள். அரவைக் கூலி கிலோ கணக்கில் வாங்குவார்கள், ஊருக்கு ஊர் மாறும். கடைசிவரை நின்று பார்த்து வாங்குவதே நல்லது.

தூள் கொதிக்கக் கொதிக்கத்தான் வந்து விழும். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து, அகலமான தாம்பாளத்திலோ சுத்தமான துணியிலோ பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். ஆறியதும் ஒரு முறை சலித்து, அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பிரித்து அடையுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் மேலாக ஒரு துண்டு கட்டிப் பெருங்காயம் வைப்பது பழைய வழக்கம், குழம்புத்தூளுக்கு அது பொருந்தும். செருப்புப் பெட்டியிலும் மருந்து பாட்டிலிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுத்து உணவு டப்பாவில் போடாதீர்கள்.

7. அஞ்சறைப் பெட்டி

தாளிக்கும் சாமானுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. எவர்சில்வரில் ஏழு கிண்ணம் உள்ளதை வாங்குங்கள், உள்மூடி தனியாக இருக்க வேண்டும். உள்மூடி இல்லாத பெட்டியில் ஒரு தடவை சாய்ந்தாலே கடுகும் சீரகமும் கலந்துவிடும்.

கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்தூள் என்ற ஏழும் போதும். சீரகத்தையும் சோம்பையும் ஒரே பெட்டியில் வைத்தால் அவசரத்தில் மாறிப்போகும், சோம்புக்குத் தனி பாட்டில் வையுங்கள். பெருங்காயத்தையும் உப்பையும் இதில் சேர்க்கக் கூடாது. பெருங்காய வாசம் எல்லாவற்றிலும் ஏறும், உப்பு ஈரத்தை இழுக்கும்.

கிண்ணத்துக்கு முக்கால் அளவு மட்டும் நிரப்புங்கள். உள்ளே வைத்த சின்னக் கரண்டி அதிலேயே இருக்கட்டும், குழம்பு கிண்டிய கரண்டி அதற்குள் போகவே கூடாது. பெட்டியையோ பாட்டிலையோ கொதிக்கும் சட்டிக்கு மேல் பிடித்துத் தட்டாதீர்கள். ஆவி நேரே உள்ளே ஏறும். மஞ்சள்தூள் கட்டிபடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாதம் ஒரு முறை பெட்டியைக் காலி செய்து கழுவி வெயிலில் வையுங்கள். மரப்பெட்டியாக இருந்தால் தண்ணீர் படாமல் உலர்ந்த துணியால் துடைத்துக் காயவைத்தால் போதும்.

8. ஃப்ரிட்ஜுக்குள் எது

கசகசா, எள், இட்லிப் பொடி இருப்பு, வறுத்து அரைத்த கரம் மசாலா ஆகியவற்றுக்கு ஃப்ரிட்ஜ் நல்லது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மிளகாய்த்தூள் இருப்பையும் உள்ளே வைக்கலாம். சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்தால்தான் பலன் உண்டு. குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்த உடனே திறந்தால் காற்றின் ஈரம் தூளின் மேலேயே படியும். அரை மணி, ஒரு மணி நேரம் வெளியே வைத்து, டப்பாவின் மேல் வியர்வை காய்ந்த பிறகு திறக்க வேண்டும். தினமும் எடுத்து வைக்கும் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைப்பதைவிட வெளியே வைப்பதே மேல்.

வெளிநாட்டுக்கு மசாலா கட்டிக் கொண்டு போகிறவர்கள் கசகசாவை எடுத்து வைத்துவிடுங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதற்குத் தடை உண்டு. சமையலுக்குத்தான் என்று சொன்னாலும் விட மாட்டார்கள்.

9. வண்டு வந்துவிட்டால்

மல்லி, மிளகாய்த்தூள், சுக்கு, விரலி மஞ்சள் எல்லாவற்றிலும் வருவது சிவந்த பழுப்பு நிறத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள சின்ன வண்டு. தூளில் வலை போல நூல் ஓடினால் அது அந்துப்பூச்சி. வண்டு பிளாஸ்டிக் கவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எனவே ஒரு பாக்கெட்டில் கண்டால் அந்தத் தட்டில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

வண்டு விழுந்த தூளைச் சலித்து வைக்காதீர்கள், முட்டை சல்லடையில் நிற்காது. அதைக் கட்டி வெளிக் குப்பையில் போடுங்கள். ஓட்டை விழுந்த மல்லியும் அப்படியே. பார்வைக்கு நன்றாக இருக்கும் முழுச் சாமானை இறுக்கமான கவரில் கட்டிக் கழித்தல் 18 டிகிரி ஃப்ரீசரில் நாலு நாள் வையுங்கள், முட்டையும் புழுவும் சாகும். ஒரு கதவு ஃப்ரிட்ஜின் மேலறை அந்தக் குளிருக்குப் போகாது, அதில் ஒரு வாரமாவது இருக்கட்டும். வெளியே எடுத்த பிறகு கவரைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு ஒரு வெயில் காட்டி அடையுங்கள்.

அலமாரியின் மூலை, தட்டு மாட்டும் ஓட்டை, பழைய செய்தித்தாள் விரிப்பு, இவற்றில்தான் வண்டு ஒளிந்திருக்கும். விரிப்பை எறிந்துவிட்டுச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஒரு நாள் முழுவதும் கதவைத் திறந்து காயவிடுங்கள். பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். இவ்வளவும் செய்த பிறகும் மறுபடி வந்தால் பூஜை அறையைப் பாருங்கள். தாம்பூலப் பையில் வந்த மஞ்சள் கிழங்கு, கலசத்துக்கு வைத்த மஞ்சள், மருந்துக்கு வாங்கிய சுக்கும் திப்பிலியும் மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும். வண்டு அங்கிருந்துதான் திரும்பத் திரும்ப வரும். நம் ஊர்ச் சூட்டில் முட்டை வண்டாக ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ஆகும். ஆகவே சுத்தம் செய்த தேதியை அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி, ஒரு மாதம் கழித்து ஒரு முறையும் இரண்டு மாதம் கழித்து ஒரு முறையும் ஒவ்வொரு டப்பாவையும் வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள்.